டெக்சாஸ் நகர்மன்றத்தில் நவராத்திரி மூன்றாம் நாள்

1999 செப்டம்பர் கடைசியில் கிளம்பி மூன்று வாரம் டெக்சாஸில் இருந்தேன். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. தங்கை வாசுகி பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், இனிமேல் லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அந்தப் பயணத்தில் விண்வெளி மையத்தையும் கால்வெஸ்டன் கடற்கரையையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு சிறிய ஊரின் நகர்மன்றக் கூட்டம் பற்றி. பதினேழு வருடம் மாநகராட்சி மன்றத்தில் உட்கார்ந்து செய்தி எழுதியவனுக்கு எந்த ஊர் போனாலும் அந்த ஊர் மன்றம் எப்படிப் பேசுகிறது என்று பார்க்கத் தோன்றும். விலைகளும் நேரங்களும் அன்றைய குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. இன்று மாறியிருக்கும்.

முதல் வாரம் டாலஸ் பக்கம் காப்பெலில், உடன் வேலை பார்த்த நண்பரின் மகன் வீட்டில் தங்கினேன். அக்டோபர் 6, புதன்கிழமை காலை 8.15க்கு டாலஸில் பேருந்து ஏறி மதியம் 1.30க்கு ஹூஸ்டன் சேர்ந்தேன். 240 மைல், டிக்கெட் 31 டாலர். விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஊரைப் பார்க்க வேண்டுமானால் பேருந்துதான் சரி. வழி முழுவதும் தேவாலயங்கள். சில நம் ஊர் பருத்தி கிடங்கு மாதிரி தகரக் கொட்டகைகள், சில விமான நிலையம் அளவுக்கு வண்டி நிறுத்துமிடம் உள்ளவை. பெட்ரோல் பங்க் விளம்பரப் பலகைக்குப் பக்கத்திலேயே 'இன்று ஜெபித்தீர்களா' என்று அதே உயரத்தில் இன்னொரு பலகை. பக்கத்து இருக்கைக்காரர் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார். பள்ளிக் கால்பந்துப் போட்டிக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் செய்யலாமா கூடாதா என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது டெக்சாஸில் எங்கே போனாலும் அதே பேச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருந்தது.

நிலையத்துக்கு வாசுகியின் கணவர் செந்தில்நாதன் வந்திருந்தார். ஈரோட்டுக்காரர், ரசாயன ஆலை ஒன்றில் இன்ஜினியர். முதலில் ஹில்கிராஃப்ட் அவென்யூவுக்கு அழைத்துப் போனார். மகாத்மா காந்தி மாவட்டம் என்ற பெயரெல்லாம் அந்தத் தெருவுக்குப் பிறகு வந்தது. அன்று நமக்குத் தேவையான கடைகள் வரிசையாக இருந்த ஒரு சாலை, அவ்வளவுதான். சாப்பாடு 6 டாலர் 95 சென்ட், ரசம் இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்கவில்லை. கொலுவுக்கு வெற்றிலை பாக்கும் சுண்டல் கடலையும் வாங்கினார். "உங்க தங்கச்சி லிஸ்ட்டுங்க மச்சான், நான் வெறும் டிரைவர்" என்றார்.

அந்த 'வெறும் டிரைவர்' என்பதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. செந்திலின் அப்பா கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியர், தீவிரப் பகுத்தறிவுக்காரர். செந்திலும் அப்படியே. 1984இல் நடந்த கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. மாலை மாற்றி, நாலு பேர் மேடையில் பேசி, கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். எங்கள் வீடோ கார்த்திகை சோமவாரம் தவறாத வீடு. கல்யாணத்துக்கு முன் வாசுகி ஒரு நிபந்தனை போட்டாள்: வீட்டில் என் விளக்கு எரியும், தடுக்கக்கூடாது. அவர் ஒரு நிபந்தனை போட்டார்: என்னைக் கைகூப்பச் சொல்லக்கூடாது. பதினைந்து வருடம் இருவரும் அதை மீறவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளை ஹூஸ்டனை ஒட்டியுள்ள பேர்லேண்ட் ஊரின் மீனாட்சி கோயிலுக்குக் காரில் கொண்டுபோய் விட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவள் கொண்டுவரும் புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். கோயில்காரர்களே அவருக்கு 'பார்க்கிங் லாட் பக்தர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர்கள் வீடு பேர்லேண்டிலிருந்து 21 மைல் தள்ளி ஒரு சிறிய நகரில். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, அது மாதிரி ஐம்பது ஊர் அங்கே உண்டு. பேருந்து கிடையாது, நடைபாதை கிடையாது, கார் இல்லாமல் பால் வாங்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். டிச் என்பார்கள். கனமழை பெய்தால் அது நிரம்பித் தண்ணீர் காரேஜுக்குள் வந்துவிடும். தெருவில் பதினாலு வீட்டுக்கும் இதே கதை. அதை அகலப்படுத்தக் கேட்டு செந்திலும் பக்கத்து வீட்டு வால்டரும் இரண்டு வருடமாக நகர்மன்றத்துக்கு அலைந்தார்கள். கடைசியில் அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வந்திருந்தது.

நான் போன அன்று வீட்டில் பேச்சு வாய்க்காலைப் பற்றி இல்லை. ஒரு கடிதத்தைப் பற்றி.

அந்த மன்றத்தில் கூட்டம் தொடங்குமுன் ஒரு பாதிரியார் ஜெபம் செய்வார். எல்லோரும் எழுந்து தலை குனிவார்கள். செந்தில் மட்டும் உட்கார்ந்தே இருப்பார், இரண்டு வருடமாக. கலாட்டா எதுவும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதைக் கவனித்த மேயர், ஓய்வு பெற்ற நூலகர், நல்ல மனதுக்காரி, ஒரு முடிவுக்கு வந்தார். இந்த இந்துக்காரருக்குத் தன் மதத்துக்கு இடம் இல்லை என்று மனக்குறை. உடனே கடிதம் எழுதிவிட்டார்: 12ஆம் தேதி தொடக்கப் பிரார்த்தனையை உங்கள் மரபுப்படி நீங்களே செய்து எங்களைக் கௌரவிக்க வேண்டும்.

"ப்ரவுனா இருக்கான், உட்கார்ந்திருக்கான், அப்ப இந்து. அந்தம்மா கால்குலேஷன் அவ்வளவுதாங்க மச்சான்" என்று சிரித்தார் செந்தில்.

வாசுகி சிரிக்கவில்லை. அவள் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள், எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். "ஏனுங்க, அன்னிக்குத்தான் டிச்சு ஓட்டுக்கு வருது. மாட்டேன்னு சொன்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா? பதினாலு வீடுங்க. நாளைக்கு காரேஜுல தண்ணி நின்னா, இவனாலதான்னு நம்மளத்தான் பார்ப்பாங்க."

"நான் போய் மைக் முன்னாடி நின்னு கும்பிட்டா அது பொய், வாசு."

"அப்ப இத்தன நாளு எந்திரிச்சாவது நின்னிருக்கலாமில்ல? ரெண்டு நிமிசம் நின்னா என்ன கொறஞ்சு போயிரும்?"

"நின்னா கும்பிட்டேன்னு அர்த்தம்."

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் புல்லரித்தது. டெக்சாஸின் ஒரு மூலையில், நட்சத்திரக் கொடிக்குப் பக்கத்தில் தமிழ் ஒலிக்கப்போகிறது. "மாப்பிள்ளை, உங்க கொள்கை உங்களோட இருக்கட்டும். நம்ம பாஷை அந்த ஹால்ல கேக்கட்டுமே. நாலு வரி சொல்லிட்டு வாங்க" என்றேன்.

"தமிழ் கேக்கணும்னா நான் பொய் சொல்லணுமுங்களா மச்சான்?" என்றார். பதினோரு வயது மகள் யாழினி ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே, "அங்கிள், டாட் இஸ் ரைட்" என்றாள். மாமா என்று கூப்பிடு என்று வாசுகி அவளை அதட்டியதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொலு வைத்தார்கள். மைக்ரோவேவ் வந்த அட்டைப்பெட்டிதான் கீழ்ப்படி. செந்தில் அளவெடுத்து, ஸ்பிரிட் லெவல் வைத்துப் படிகளைச் சமமாக்கினார். பொம்மை எடுத்து வைக்கிற நேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். நானும் வெளியே வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வால்டர். எழுபது வயது, தன் சர்ச்சில் பாதிரியாருக்கு உதவும் டீக்கன் பொறுப்பு. என்னிடம் கை குலுக்கிவிட்டு, செந்தில் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உங்கள் மைத்துனர் நல்ல மனிதர். போன வருடம் என் மனைவிக்கு மூச்சு வாங்கியபோது அவர்தான் காரில் கொண்டுபோனார். ஆனால் என் கடவுள் அவரை என்ன செய்தார்? ஏன் உட்கார்ந்திருக்கிறார்?"

அவருக்கு எந்தக் கடவுளும் இல்லை என்றேன். வால்டர் நம்பவில்லை. "உங்கள் வீட்டுக்குள் பொம்மை அடுக்குகிறார்களே, சன்னல் வழியாகப் பார்த்தேன்" என்றார். அது மனைவியுடையது என்றேன். "பார்ப்போம். செவ்வாய்க்கிழமை அவர் மதத்தின் முறை வருகிறதல்லவா, அப்போது எழுந்திருப்பார்" என்றார். கடிதம் பற்றி ஊருக்கே தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை செந்தில் நகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். போனை எடுத்த குமாஸ்தாவிடம், மேயர் அழைத்ததற்கு நன்றி சொன்னார். எனக்குப் பிரார்த்தனை கிடையாது, என் மனைவிக்கு உண்டு, அவளும் இதே வீட்டில் இருப்பவள், அவள் விரும்பினால் அவள் செய்யட்டும் என்றார். பிறகு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு வாசுகியைப் பார்த்தார். "நீ போறியா? கட்டாயமில்ல."

அவள் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். "போறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலை 6.10க்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து நகர்மன்றம் 3 மைல், ஏழு நிமிடம். வாசுகிக்கு வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது, அவசரமாகக் கோயம்புத்தூர் காட்டன் சேலை மட்டும் மாற்றினாள். காலில் ஆய்வகத்துக்குப் போடும் அதே வெள்ளை ஷூ. கட்டடம் நம் ஊர்ப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் அளவுதான். கம்பளம் விரித்த தரை, அறுபது நாற்காலி, எதிரே வளைந்த மேசையில் மேயரும் ஆறு உறுப்பினர்களும். வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்களாம். அன்று நான் எண்ணியது 47. கடைசி வரிசையில், வெள்ளிக்கிழமை வாசுகியோடு போனபோது கோயிலில் பார்த்த இரண்டு தமிழ்க் குடும்பங்கள். ஒரு அங்கிள் வீடியோ கேமரா கொண்டுவந்திருந்தார். செந்தில் அவரிடம் போய் ஏதோ சொல்ல, கேமரா பைக்குள் போனது.

முன்வரிசையில், ஓரத்து நாற்காலியில் வாசுகி, அடுத்து செந்தில், யாழினி, நான். எனக்கு இந்தப் பக்கம் வால்டர்.

சரியாக 6.30க்கு மேயர் சுத்தியலைத் தட்டினார். வாசுகியின் பெயரை மூன்று முறை வெவ்வேறு விதமாகச் சொல்லி அழைத்தார். எல்லோரும் எழுந்தார்கள். வாசுகியும் எழுந்து ஒரு அடி வைத்தாள், நின்றாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இரட்டை முடிச்சு. நாற்பத்தைந்து பேர் தலை குனிந்தபடி காத்திருந்தார்கள். சிலர் தலையை நிமிர்த்தி என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். யாழினி, "அம்மா, ப்ளீஸ்" என்று பல்லைக் கடித்தாள். மற்றொரு ஷூவும் கழன்றது. இரண்டையும் ஜோடியாக நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு மைக்குக்குப் போனாள். சாமி பெயரைச் சொல்லுமுன் செருப்பைக் கழற்றத் தோன்றிய கை, அது நகராட்சிக் கட்டடம் என்று யோசிக்கவில்லை.

"இது ஏன்?" என்று வால்டர் என் காதில் கேட்டார். பதில் சொல்லக் குனிந்தவன் என் காலைப் பார்த்தேன். நானும் கழற்றியிருந்தேன். எப்போது என்று இன்றுவரை தெரியாது.

வாசுகி முதலில் தமிழில் சொன்னாள். குறிப்பேட்டில் இருப்பது இது: "தாயே மீனாட்சி, இந்த மேசையில உட்கார்ந்து முடிவெடுக்கிறவங்களுக்கு நல்ல புத்தியும் பொறுமையும் குடு. இந்த ஊருல சாமி கும்பிடறவங்களும் நல்லா இருக்கணும், கும்பிடாதவங்களும் நல்லா இருக்கணும். மழை பெய்யட்டும், வீட்டுக்குள்ள மட்டும் வரவேண்டாம்." பிறகு அதையே ஆங்கிலத்தில். கடைசி வரிக்கு மன்றம் வாய்விட்டுச் சிரித்தது. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது நொடி.

நான் சிரிக்கும் முகங்களைப் பார்க்கத் திரும்பினேன். அப்போதுதான் செந்திலைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தார். எப்போதும் போலக் கையைக் கட்டிக்கொண்டு. முன்வரிசை முழுக்க நின்றுகொண்டிருக்க, மனைவி மைக்கில் நிற்க, அவர் மட்டும் நாற்காலியில், அவளை நேராகப் பார்த்துக்கொண்டு. கடைசி வரிசையில் நம் ஆட்களிடையே ஒரு முணுமுணுப்பு. "பொண்டாட்டிக்காவது எந்திரிக்கலாமில்ல" என்று ஒரு ஆன்ட்டி சொன்னது எனக்கே கேட்டது. எனக்கும் முதல் நொடி கோபம்தான் வந்தது. என் தங்கை அங்கே நிற்கிறாள். அடுத்த நொடி மேயரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிப்பு நின்றிருந்தது. செந்திலைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், மறுபடி செந்திலைப் பார்த்தார். ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்துகொண்டவரின் முகம் அது.

வாய்க்கால் தீர்மானம் 7.50க்கு வந்தது. வால்டர் பேசினார், செந்தில் வரைபடம் காட்டிப் பேசினார். வாக்கெடுப்பு 5க்கு 1, நிறைவேறியது. எதிர்த்தவர் செலவைக் காரணமாகச் சொன்னார், பிரார்த்தனையைச் சொல்லவில்லை. இதை நிருபராகக் குறித்துக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் மேயர் வந்து வாசுகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு செந்திலிடம், "நீங்கள் உங்கள் முறைக்காகத்தான் காத்திருந்தீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

"இல்லை மேடம். அழைத்ததற்கு என் மனைவி சார்பில் நன்றி. யார் பிரார்த்தனையானாலும் நான் உட்கார்ந்துதான் இருப்பேன். உங்கள் வேலையில் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் நேரத்துக்கு வந்து உட்காருகிறேன்."

மேயர் வாசுகியின் கையை விட்டார். பிறகு, "எழுந்திருங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, உட்காரலாம் என்றும் சொன்னதில்லை" என்றார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

வால்டர் என்னைத் தனியாக இழுத்தார். "இரண்டு வருடம் அவர் என் கடவுளுக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொந்த மனைவியின் கடவுளுக்கும் அதே நாற்காலிதான் கொடுத்தார். இனி எனக்கு வருத்தம் இல்லை." தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

காரில் கிளம்பினோம். இரண்டு சிக்னல் தாண்டியதும் செந்திலே ஆரம்பித்தார். "வாசு, நான் எந்திரிக்கலைன்னு வருத்தமா?"

வாசுகி ஷூவை மடியில் வைத்துக்கொண்டு லேஸோடு போராடிக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சிருந்தீங்கன்னா, பதினஞ்சு வருசமா பார்க்கிங் லாட்டுல ஒக்காந்து என்னை ஏமாத்துனீங்களான்னு கேட்டிருப்பேன்" என்றாள். பிறகு, "புளியோதரை இருக்கு, சாப்பிடுவீங்கல்ல? அதுக்கு ஒண்ணும் கொள்கை இல்லியே?" என்றாள். பின்சீட்டில் யாழினி சத்தம் போட்டுச் சிரித்தாள்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நம் ஊர்த் தாலுகா ஆபீஸில் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கித் தின்ற வாயால் நான் எத்தனை முறை மதச்சார்பின்மை பற்றி எழுதியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். காவல் நிலையத்துப் பிள்ளையாரைக் கும்பிடாத ஒருவர் அங்கே எப்படி உட்கார்ந்திருப்பார் என்று ஒரு செய்தியிலும் நான் கேட்டதில்லை. அமெரிக்காவில் நம் ஆட்கள் கட்டிய கோபுரங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டு வருகிறோம், அது நியாயம்தான். ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய இருவர், ஒருவர் வெறுங்காலோடு நின்றும் ஒருவர் கையைக் கட்டி உட்கார்ந்தும், இருவருமே பொய் சொல்லாமல் திரும்பி வந்தார்கள். அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டேன்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அக்டோபரில் போங்கள். வெயில் தணிந்திருக்கும், கோயிலில் நவராத்திரியும் இருக்கும். ஹூஸ்டன் விமான நிலையத்திலிருந்து பேர்லேண்ட் சுமார் 40 மைல், டாக்சியில் போனால் கட்டுப்படியாகாது, யாரையாவது வரச் சொல்லிவிடுங்கள். மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது கார் இல்லாத விருந்தாளியாக இருந்தால் திரும்பி வர ஆள் உறுதி செய்துகொண்டு உள்ளே போங்கள். கட்டடங்களுக்குள் குளிரூட்டி கடுமை, சால்வை தேவை. ஒரு மாலை ஒதுக்கி ஏதாவது ஒரு சிறிய ஊரின் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அனுமதிச் சீட்டு கிடையாது, யாரும் யார் என்று கேட்பதில்லை, நிகழ்ச்சி நிரல் வாசலிலேயே இருக்கும். ஷூ லேஸை ஒற்றை முடிச்சாகப் போட்டுக்கொள்வது நல்லது.

தொடக்கப் பிரார்த்தனைக்கு எழுந்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். சென்னை திரும்பிய பிறகு, டிசம்பரில், வாசுகி அந்த ஊரின் அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலைத் தபாலில் அனுப்பியிருந்தாள். முதல் வரி, வழக்கம் போல: பிரார்த்தனை. அதற்குக் கீழே முன்பு இல்லாத ஒரு வரியைச் சின்ன எழுத்தில் சேர்த்திருந்தார்கள்: எழுந்து நிற்பதும் அமர்ந்திருப்பதும் அவரவர் விருப்பம்.